சிக்னல் ஃபுல், நெட் மட்டும் திணறுகிறது: வீட்டு வைஃபையும் அலைக் குறுக்கீடும்

போனில் வைஃபைக் கோடுகள் முழுசாக இருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். இந்த நிலையில் பலர் செய்வது இரண்டு. இணைய நிறுவனத்துக்குப் போன் போடுவார்கள், இல்லையென்றால் ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்துவிடுவார்கள். அதற்கு முன் காற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் கோடுகள் சொல்வதெல்லாம் ரவுட்டரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான். சுற்றி எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, தகவல் அனுப்ப எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது அதில் தெரியாது.

எண்ணாகப் பார்த்தால் விஷயம் புரியும். டிபிஎம் என்பது அலையின் பலத்தைச் சொல்லும் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். சிக்னல் -50 டிபிஎம், இரைச்சல் -95 டிபிஎம் என்றால் இரண்டுக்கும் இடைவெளி 45 டெசிபல். அருமையான நிலை. அதே -50 சிக்னல், ஆனால் இரைச்சல் -70 வரை ஏறிவிட்டது என்றால் மிஞ்சுவது 20 டெசிபல்தான். கோடுகளில் துளி மாற்றம் இருக்காது, வேகம் மட்டும் படுத்துவிடும். இடைவெளி 25 டெசிபலுக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபைச் சின்னத்தைச் சொடுக்கினால் இந்த இரண்டு எண்களும் நேராகவே தெரியும்.

முதலில் கோளாறு காற்றிலா, வெளியிலிருந்து வரும் இணைப்பிலா என்று பிரித்துவிடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ரவுட்டரின் உள்முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) நிற்காமல் பிங் (சிறு தகவல் ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். இணையத்துக்கு அல்ல, ரவுட்டருக்கு. 1 முதல் 5 மில்லிசெகண்டுக்குள் பதில் வந்துகொண்டிருந்தால் காற்று சுத்தம், குறையை வெளியில் தேடலாம். திடீர் திடீரென்று 80, 200, 600 என்று குதித்தாலோ, பதிலே வராமல் போனாலோ கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. இந்தச் சோதனையைப் போனில் செய்ய வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போனின் வைஃபை அடிக்கடி தூங்கி எழும், அதனாலேயே பிங் 100-ஐத் தாண்டும். அதைக் குறுக்கீடு என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, சுற்றியுள்ள வைஃபைகளை வரைபடமாகக் காட்டும் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 9-லிருந்து ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் காற்றைத் துழாவ முடியும். அதனால் திரையில் இருப்பது பழைய படமாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்களில் அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று மட்டும் பார்த்தால் போதாது, திணறுகிற கருவி இருக்கும் இடத்திலும் பாருங்கள். பக்கத்து வீட்டு ரவுட்டர் உங்கள் படுக்கையறையில் பலமாகவும், உங்கள் ரவுட்டர் இருக்கும் இடத்தில் கேட்காமலும் இருக்கலாம். அந்த நிலையில் ரவுட்டர் தன் பக்கம் காலியாக இருக்கிறது என்று நம்பி அனுப்பும், படுக்கையறையில் இருக்கும் கருவிக்கு இரண்டும் மோதித்தான் வந்து சேரும். எந்தச் சேனலில் (அலைவரிசைத் துண்டில்) அனுப்புவது என்று ரவுட்டரே முடிவு செய்யும் ‘ஆட்டோ’ தேர்வு சொதப்புவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பல ரவுட்டர்கள் மறுதுவக்கத்தின்போது மட்டுமே சேனலைத் தேர்ந்தெடுக்கும். நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தால், ஊரே தூங்கும் நேரத்துக் காற்றைப் பார்த்து ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டு மறுநாள் மாலை வரை அதிலேயே உட்கார்ந்திருக்கும். சோதனையை மாலை நெரிசல் நேரத்தில்தான் செய்ய வேண்டும்.

1, 6, 11: நடுவில் நுழையாதீர்கள்

வீட்டு வைஃபை இயங்கும் அலைவரிசைப் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு வைஃபை சிக்னல் எடுத்துக்கொள்ளும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1-இன் மையம் 2412, 6-இன் மையம் 2437, 11-இன் மையம் 2462. இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. மற்றதெல்லாம் இவற்றில் ஒன்றோடோ இரண்டோடோ மோதும்.

அனலைசரில் 1-லும் 6-லும் கூட்டம், 3 காலி என்று தெரிந்ததும் 3-க்குத் தாவத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ளும். சுமார் -82 டிபிஎம் அளவுக்குப் பலவீனமான வைஃபை சிக்னலைக் கேட்டாலே ‘யாரோ அனுப்புகிறார்கள்’ என்று காத்திருந்து, பிறகு தன் முறை வந்ததும் அனுப்பும். வேகம் பங்கு போடப்படும், ஆனால் எதுவும் கெடாது. 3-ல் இருக்கும் ரவுட்டருக்கு 1-லும் 6-லும் நடப்பது புரியாத இரைச்சல். வெறும் சத்தத்துக்காக அது ஒதுங்க வேண்டுமென்றால் அந்தச் சத்தம் சுமார் -62 டிபிஎம் அளவுக்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் காத்திருக்காமல் அனுப்பிவிடும், தகவல் உடையும், மறுபடி அனுப்பும். உங்களுக்கும் கெடுதல், இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் கெடுதல். வரிசையில் நின்று பேசுகிறவர்கள் நடுவே காது கேளாத ஒருவர் மைக்கைப் பிடித்த கதைதான்.

ஆகவே 1, 6, 11 மூன்றில் எது பரவாயில்லை என்று மட்டும் பாருங்கள். எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று எண்ணுவதைவிட, அந்தச் சேனல் எத்தனை சதவீத நேரம் பிஸியாக இருக்கிறது என்று பார்ப்பது மேல். சில ரவுட்டர்கள் இந்தச் சதவீதத்தைத் தாங்களே ஒலிபரப்பும், சில செயலிகள் அதைப் படித்துக் காட்டும். பேசாமல் கிடக்கும் எட்டு ரவுட்டர்களைவிட நாள் முழுக்கப் படம் ஓடும் ஒரு ரவுட்டர்தான் தொல்லை. -85-க்குக் கீழே தெரியும் பெயர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

2.4-ல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே பூட்டிவிடுங்கள். ‘20/40’ என்று இருந்தால் மாற்றுங்கள். 40 என்றால் மூன்று சேனல்களில் இரண்டை விழுங்குகிறீர்கள். போதாததற்கு, அகலம் இரட்டிப்பானால் உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபல் கூடும்.

யாரும் எதுவும் அனுப்பாதபோதும் காற்று நிறைவது எப்படி

இது பலருக்குத் தெரியாத பகுதி. ஒவ்வொரு நெட்வொர்க் பெயரும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு பீக்கன் என்று பெயர். ரவுட்டரில் 802.11பி என்ற பழைய வைஃபை முறைக்கான ஆதரவு இயங்கிக்கொண்டிருந்தால் இந்த பீக்கன் போவது நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில். பீக்கன் 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். 2400 பிட், 2.4 மில்லிசெகண்ட், முன்னுரைப் பகுதியையும் சேர்த்தால் 2.6. ஆக ஒரு பெயருக்கே காற்று நேரத்தில் 2.5 சதவீதம் போய்விடுகிறது. அதே சேனலில் பத்துப் பெயர் இருந்தால் கால்வாசி நேரம் போய்விடும், அதுவும் ஒருவர்கூட இணையத்தைத் தொடாமலே.

802.11பி-யை அணைத்து, குறைந்தபட்ச வேகத்தை 6 மெகாபிட் ஆக்கினால் அதே பீக்கன் 0.42 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அமைப்பில் ‘பி/ஜி/என்’ என்று இருப்பதை ‘ஜி/என்’ என்று மாற்றினாலே பல ரவுட்டர்களில் இது நடந்துவிடும். மலிவான ஸ்மார்ட் பல்பு ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கலாம், மாற்றிய பிறகு அவை திரும்ப இணைகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பெயர்களை அடுக்க வேண்டாம். என் கணக்கில் ஒரு பட்டைக்கு இரண்டு பெயர் போதும்.

அனலைசரில் உங்கள் வீட்டிலிருந்தே எத்தனை பெயர்கள் வருகின்றன என்று பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த மோடம்-ரவுட்டரின் வைஃபையை அணைக்காமல், அதற்கு அரையடி தள்ளி சொந்த ரவுட்டரை வைத்திருப்பார்கள். பிரிண்டர் தன் பங்குக்கு ‘டைரக்ட்’ என்று தொடங்கும் பெயரில் தனி நெட்வொர்க் ஒன்றை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். டிவியும் அப்படியே. -30, -40 என்று மிகப் பலமாகத் தெரியும் பெயர்கள் அநேகமாக உங்களுடையவைதான், அவற்றை அணைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அனலைசரில் தெரியாத எதிரிகள்

வைஃபை அனலைசர் வைஃபையை மட்டுமே காட்டும். மைக்ரோவேவ் அடுப்பு, அனலாக் குழந்தை மானிட்டர், பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்ட்லெஸ் போன், வயரில்லா வீடியோ அனுப்பி எதுவும் அந்த வரைபடத்தில் வராது. சேனல் காலியாகத் தெரிகிறது, ஆனால் பிங் குதிக்கிறது என்றால் சந்தேகம் இவற்றின் மேல்தான் போக வேண்டும். அனலாக் வீடியோ அனுப்பிதான் இவற்றில் மோசம். ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் ஒலிபரப்பும், அதோடு சமாதானமாகப் போக வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். ‘டெக்ட்’ வகைக் கார்ட்லெஸ் போன் 1.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவது, அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

மைக்ரோவேவ் இயங்குவது 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. உள்ளே 800 வாட் சுழல்கிறது. பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே கசியும் மில்லிவாட்டுகளே 100 மில்லிவாட் ரவுட்டரைத் தடுமாற வைக்கப் போதும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, வைஃபைக்குத்தான் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் வகை அடுப்பு மின்சாரத்தின் ஒரு பாதி அலையில்தான் அலையை உமிழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று, அதில் ஏறத்தாழ பாதி நேரம் சத்தம், மீதி அமைதி. அந்த அமைதிக்குள் சிறிய தகவல் பொட்டலங்கள் நுழைந்துவிடும். அதனால்தான் அடுப்பு ஓடும்போது செய்தி போய்விடுகிறது, வீடியோ அழைப்பு மட்டும் கந்தலாகிறது. சத்தம் பெரும்பாலும் பட்டையின் நடுவிலும் மேல் பக்கத்திலும் விழும் என்பதால் சேனல் 1-க்கு அடி குறைவு. சோதிக்க, ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டிக்கொண்டே பிங்கைக் கவனியுங்கள். காலி அடுப்பை ஓட்டாதீர்கள், அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் கெடும்.

யூஎஸ்பி 3.0 இன்னும் சூட்சுமமானது. அதன் 5 கிகாபிட் வேகத் தகவலின் இரைச்சல் அகலமாகப் பரவி 2.4 கிகாஹெர்ட்ஸையும் மூடுகிறது. 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கை மாட்டியதும் 2.4 பட்டையில் இரைச்சல் 20 டெசிபல் வரை ஏறியது. லேப்டாப்பில் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தத்துவது, ரவுட்டரின் பின்னால் டிஸ்க் மாட்டியதும் 2.4 வேகம் பாதியாவது எல்லாம் இதனால்தான். மவுஸ் டாங்கிளையோ, ஜிக்பீ (ஸ்மார்ட் சென்சார்கள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் முறை) டாங்கிளையோ 1 மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள். நீட்டிப்பு 2.0-ஆகவே இருப்பது இங்கே நல்லது, அந்தக் கம்பி வழியே 3.0 சத்தம் பயணிக்காது. ரவுட்டரின் யூஎஸ்பி போர்ட்டை 2.0 முறைக்கு மாற்றும் வசதி சில மாடல்களில் உண்டு, டிஸ்கில் வேகம் தேவையில்லை என்றால் அதைப் போட்டுவிடுங்கள். டிஸ்கை இணைக்கும் கேபிள் நல்ல கவசமுள்ளதாக இருக்க வேண்டும், ரவுட்டர் ஆன்டெனாவை ஒட்டி ஓடக் கூடாது.

எச்டிஎம்ஐ கேபிளும் இதே மாதிரி செய்யும். ரேஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினியில் 2560×1440 திரையை மாட்டினால் வைஃபை விழுகிறது என்று 2019-இல் புகார்கள் வந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தத் தெளிவுக்குப் பிக்சல் கடிகாரம் (பிக்சல்கள் அனுப்பப்படும் வேகம்) 241.5 மெகாஹெர்ட்ஸ், கம்பியில் ஓடும் பிட் வேகத்துக்காகப் பத்தால் பெருக்கினால் 2415, சேனல் 1-க்குள் நேராக விழுகிறது.

புளூடூத் தானாகவே வைஃபையைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும், அதோடு சண்டை குறைவு. ஆனால் போனுக்குள் 2.4 வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப்பில் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹெட்செட்டில் பாட்டு விட்டு விட்டுக் கேட்டால் போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும்.

ஜிக்பீ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: அதன் சேனல் எண்கள் வேறு, 11 முதல் 26 வரை, ஒவ்வொன்றும் 2 மெகாஹெர்ட்ஸ் அகலம். வைஃபை 1, 6, 11-க்கு இடையே உள்ள சந்துகளில் ஜிக்பீ 15 (2425), 20 (2450) உட்காரும். 25 (2475) எல்லாவற்றுக்கும் மேலே. 26 இன்னும் மேலே, ஆனால் சில கருவிகள் அதில் இயங்காது, சில குறைந்த சக்தியில்தான் இயங்கும். வைஃபை 1-லும் ஜிக்பீ 25-லும் இருப்பது நல்ல ஜோடி. ஜிக்பீ சேனலை மாற்றினால் எல்லாச் சென்சாரையும் மறுபடி இணைக்க நேரலாம், ஆகவே வைஃபை சேனலை நிலையாகப் பூட்டிவிட்டு அதற்கேற்ப ஜிக்பீயை ஒரே ஒரு முறை அமைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் ‘ஆட்டோ’வில் இருந்தால் இந்த ஏற்பாடு ஒரே இரவில் கலைந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் தீர்ந்ததா?

முக்கால்வாசி தீர்ந்தது. மைக்ரோவேவ், புளூடூத், ஜிக்பீ, யூஎஸ்பி எதுவும் அங்கே பெரிதாக வராது. சுவரை எளிதில் தாண்ட முடியாத பலவீனமே அங்கே வரம், பக்கத்து வீட்டுச் சிக்னலும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. எந்தச் சேனல்களுக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், ரவுட்டரில் நாட்டைச் சரியாக அமையுங்கள்.

பெரும்பாலான ரவுட்டர்கள் 36 முதல் 48 வரையிலேயே குவிந்து கிடக்கின்றன. 52 முதல் 64, 100 முதல் 144 வரை உள்ள சேனல்கள் ரேடாருடன் பங்கிடப்பட்டவை. அங்கே ரவுட்டர் அலை விடும் முன் 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். வானிலை ரேடார் இயங்கும் 120 முதல் 128 வரை ஐரோப்பிய விதிகளின்படி 10 நிமிடம். ரேடார் கேட்டால் 10 நொடிக்குள் இடத்தைக் காலி செய்து, அடுத்த 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது. மறுதுவக்கம் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் காணோம் என்று பதற வேண்டாம், அந்த 60 நொடிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. விமான நிலையம், துறைமுகம், வானிலை ரேடார் அருகில் இல்லையென்றால் இந்தச் சேனல்களைத்தான் முதலில் முயல வேண்டும், காற்று அங்கேதான் காலி. ரவுட்டரின் பதிவேட்டில் ரேடார் என்று அடிக்கடி வந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.

அகலம் 80 போதும், நெரிசலான அடுக்குமாடியில் 40-ஏ நல்லது. வைஃபை 6 ரவுட்டரும் இரண்டு ஆன்டெனாப் போனும் 40 மெகாஹெர்ட்ஸில் 574 மெகாபிட்டுக்கு இணையும், நடைமுறையில் அதில் பாதிக்கு மேல் கையில் வரும். உங்கள் இணைப்பே 200 மெகாபிட் என்றால் 160 எதற்கு? அதோடு 36-ல் தொடங்கும் 160 மெகாஹெர்ட்ஸ் 64 வரை நீளும், ரேடார் தொல்லையைத் தானாகவே இழுத்து வரும்.

6 கிகாஹெர்ட்ஸ் அனுமதி உள்ள நாட்டில், கருவிகளும் ஆதரித்தால், ரவுட்டர் இருக்கும் அறைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை கட்டாயம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்தால் போன்கள் தூரத்தில் பலமாகத் தெரியும் 2.4-ஐயே பிடித்துத் தொங்கும். ஒரே சக்தியில் அனுப்பினால் 2.4 சுமார் 7 டெசிபல் பலமாகச் சேரும் என்பது அலைநீளக் கணக்கு. ரவுட்டரில் 2.4-இன் அனுப்பும் சக்தியை 6 டெசிபல் போல இறக்கினால் போன்கள் தானாக 5-க்கு நகரும். சக்தியை ஏற்றுவது எப்போதும் தீர்வல்ல. ரவுட்டரின் குரல் போனை எட்டும், போனின் சிறிய குரல் ரவுட்டரை எட்டாது. கோடுகள் ஃபுல், நெட் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்பு அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்கு அருகில், நிலைக்கண்ணாடிக்குப் பின்புறம் வைக்க வேண்டாம். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரம், மைக்ரோவேவிலிருந்து சில மீட்டர் தள்ளி, இன்னொரு வயர்லெஸ் கருவியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர். ஆன்டெனாவின் நுனி நோக்கும் திசையில் சிக்னல் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். ஒரே தளத்துக்கு எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்துங்கள், மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கவையுங்கள்.

எக்ஸ்டெண்டரை நான் சிபாரிசு செய்வதில்லை. பெரும்பாலும் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போகிறது, நெரிசல் இரட்டிப்பு. மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது) வாங்கினாலும் பெட்டிகளுக்கு இடையே கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். டிவி, டெஸ்க்டாப், கேம் கன்சோல் போன்ற இடம் மாறாத கருவிகள் கம்பிக்குப் போனால் காற்றில் பெரும்பாரம் இறங்கும், மேலே சொன்ன பாதி வேலைகள் தேவைப்படாமலே போகலாம்.

கேபிள் இழுக்க முடியாதவர்கள் மின்கம்பி வழியே தகவல் அனுப்பும் பவர்லைன் அடாப்டருக்குப் போவதுண்டு. வைஃபைக்கு அது தொல்லை தராது, அது இயங்குவது ஏறத்தாழ 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸில், புதிய வகைகள் 86 வரையும் போகும். மலிவான எல்இடி டிரைவரும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் விழுகிறது, ஆகவே அடாப்டரைச் சார்ஜர்கள் நிறைந்த நீட்டிப்புப் பலகையில் செருகாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். வீட்டு மின்கம்பி முழுவதும் அப்போது ஆன்டெனாவாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாம் வானொலி (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும் வானொலி) அலைவரிசைகளை விட்டு ஒதுங்கும்படி, இந்த அடாப்டர்களுக்கான ஹோம்பிளக் தரத்திலேயே இடைவெளிகள் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சிற்றலை வானொலி கேட்பவருக்கு இதனால் தொல்லை வரலாம்.